மூலப்பத்திரம் இல்லாத பேட்ச்

மக்களே, போன பொங்கலுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல நாலு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். தங்கமணி ஒரு வாரம் பேசலை. காரணம், நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் எழுதாம விட்ட ஒரே ஒரு வரி.

பொட்டி தட்டாத நண்பர்களுக்குச் சின்ன விளக்கம். லினக்ஸ் கெர்னல்ல செய்யற ஒவ்வொரு திருத்தமும் ஒரு கமிட். அதுக்கு 40 எழுத்துல ஒரு அடையாள எண் உண்டு. வாடிக்கையாளர் ஓட்டறதோ பழைய வெர்ஷன், புதுசுக்கு மாற மாட்டார். அதனால புதுசுல வந்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழசுல ஒட்டறோம். இதுதான் பேக்போர்ட்.

ஒட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. எங்கிருந்து எடுத்தீங்கன்னு எழுத என்னய்யா கேடு?

ஊர்ல அரை கிரவுண்டு வாங்கினாக்கூட மூலப்பத்திரம் கேக்கறோம். வில்லங்கம் போட்டுப் பாக்காம அட்வான்ஸ் குடுப்போமா? பேட்சுக்கும் வில்லங்கம் உண்டு. சரிபண்ண வந்த திருத்தத்துலயே ஓட்டை இருக்கும். அதை அடைக்க அப்புறம் இன்னொரு கமிட் வரும். அதுல 'ஃபிக்சஸ்'னு போட்டு முதல் கமிட்டோட எண்ணைக் குறிப்பாங்க. நம்ம பேட்ச்ல அந்த எண் இருந்தா, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தேடிக் குடுத்துடும்.

எங்ககிட்டே இருந்த பேட்ச்ல "டிரைவர் க்ராஷ் சரிசெய்யப்பட்டது"ன்னு மட்டும்தான் இருந்தது. எழுதினவர் வேலையை விட்டே போயாச்சு. நாங்க கிளம்பற நாள் காலைல சர்வர் ஒண்ணொண்ணா தொங்குது. 'பேட்ச்-ஐடி' வெச்சுத் தேடினேன். அது வரி எண், இடைவெளி வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கும். பழைய கோடுக்கு ஏத்த மாதிரி ரெண்டு வரி மாத்தியிருந்தா கைவிரிச்சுடும். கடைசில ஒரு எர்ரர் மெசேஜைப் பிடிச்சுக்கிட்டு கிட் வரலாறு முழுக்க அலைஞ்சு, மூணாவது ராத்திரி மூலத்தைப் பிடிச்சேன். அடுத்த கமிட்லயே ஓட்டையை அடைச்சு வெச்சிருக்காங்க. எங்களுக்குத்தான் தெரியலை.

"வெர்ஷன் நம்பர் பாத்தா போதாதா?"ன்னு கேக்கற மேனேஜர்களுக்கு: 2014-ல ஹார்ட்பிளீட் வந்தப்போ ஓப்பன் எஸ்எஸ்எல் 1.0.1ஜி-ல அதைச் சரிபண்ணினாங்க. ரெட்ஹேட் 6-ல 1.0.1இ-லயே திருத்தத்தை ஒட்டினாங்க. ஓட்டை இருந்ததும் 1.0.1இ, அடைச்சதும் 1.0.1இ. பின்னாடி ஒட்டியிருந்த பேக்கேஜ் எண் மட்டும்தான் வேற.

"நேரமில்லை"ங்கறதும் சாக்கு. செர்ரி-பிக் கட்டளையில மைனஸ் எக்ஸ் போட்டா கிட்டே அந்த வரியை எழுதிக்கும். கையால ஒட்டினா கையால எழுதணும், என்ன மாத்தினோம்னும் சேர்த்து. கெர்னலோட ஸ்டேபிள் கிளையில மூலக் கமிட் எண் போடறது வழக்கம். டெபியன்லயும் பேட்ச் எங்கிருந்து வந்ததுன்னு குறிக்கத் தனி இடமே வெச்சிருக்காங்க. உலகத்துக்கே இலவசமா குடுக்கறவன் ஒழுங்கா எழுதறான். காசு வாங்கற நமக்கு வலிக்குது!

இப்போ மூலம் இல்லாத பேட்ச் ரிவ்யூக்கு வந்தா நான் திருப்பி அனுப்பிடறேன். டீம்ல எனக்குப் பட்வாரின்னு பேர் வெச்சுட்டாங்க. வெச்சுட்டுப் போகட்டும். நீங்களும் திருப்பி அனுப்புங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டுத் தங்கமணி கேட்டா, "அந்த வரியை எழுத எவ்ளோ நேரம் ஆகும்?" பத்து செகண்டுன்னேன். மறுபடியும் பேச்சு நின்னு போச்சு :-)