நடைப்பயிற்சி மட்டும் போதுமா? தசை வலிமைக்குப் பயிற்சியும் ஓய்வும்

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அளித்துள்ளது. நடை இதயத்திற்கு நல்லது. தசை வளர்ச்சிக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் 2 நாட்களாவது தசை வலுவூட்டும் பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

"சேர்வராயன் மலைச் சரிவில் தினமும் ஏறி இறங்குகிறோமே, அது போதாதா?" என ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் கேட்கலாம். தோட்ட வேலையில் அதே தசைகளே நாள்தோறும் உழைக்கின்றன. சுமையைப் படிப்படியாகக் கூட்டவோ ஓய்வைத் திட்டமிடவோ இயலுவதில்லை. தசை சீரடைந்து வளர்வது ஓய்வின்போதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவற்றை 8 முதல் 12 முறை, 2 சுற்றுகள் செய்க. சுற்றுகளுக்கிடையே 2 நிமிடம் ஓய்வெடுக்கவும்.
• அதே தசைகளுக்கு மீண்டும் பயிற்சியளிக்க 48 மணி நேரம் இடைவெளி விடவும்.
• 4 வாரங்கள் படிப்படியாகக் கூட்டி, 5ஆம் வாரம் பாதியாகக் குறைக்கவும். அறுவடைக் காலத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம்.
• பயிற்சியின்போது மூச்சை அடக்காதீர்கள்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்கவும். பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலியோ கருஞ்சிவப்புச் சிறுநீரோ கண்டால், பராமரிப்பாளர்கள் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.