கல்ச்சுரல்ஸுக்கு மட்டும்தான் பாட்டா?

நம்ம காலேஜ்ல பாட்டுங்கிறது கல்ச்சுரல்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி வர்ற காய்ச்சல். கரோக்கி டிராக்கை இறக்கி, மேடை ஏறி இறங்கினா முடிஞ்சது.

திருச்சி கலைக்காவிரியைப் பாருங்க. 1977-ல் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் தொடங்கியது. அங்கே கர்நாடக இசை பட்டப்படிப்பு. சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம்னு படிப்படியா ஏறணும். ஒரு வாரத்துல நடக்கிற காரியமா அது?

“அதெல்லாம் ஆர்ட்ஸ் பசங்க வேலை”ன்னு சிலர் சொல்லுவாங்க. அவங்க தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைப் படிக்கணும். கிறிஸ்தவர், சித்த மருத்துவர். 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தியவர். 1917-ல் வந்த அவரோட ‘கருணாமிர்த சாகர’த்தைத் திறந்தா பக்கம் பக்கமா கணக்கு! சுருதி 22 இல்லை, 24 என்று வாதாடுகிறார். மேல் ச-வின் அதிர்வெண் கீழ் ச-வைப்போல் இரண்டு மடங்கு. அந்த இடைவெளியைச் சம விகிதத்தில் 24 ஆகப் பிரிக்க 2-இன் 24-ஆம் மூலம் வேணும். அவர் முடிவை எல்லாரும் ஏத்துக்கலை, அது வேற கதை. ஆனா கணக்கு நம்ம ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்தானே?

தீபத் திருவிழா முழுக்க நாதஸ்வரம் கேட்கிற திருவண்ணாமலையில இருந்துக்கிட்டு, அது என்ன ராகம்னு கேட்டா முழிக்கிறோம். தனி டிபார்ட்மென்ட் கேட்கலை. ஒரு ரூம், வாரம் ரெண்டு சாயங்காலம், ஊர்க் கலைஞர் ஒருத்தருக்கு மரியாதையான சம்பளம். செமஸ்டர் தொடக்கத்துலயே ஆரம்பிச்சா தீபத்துக்குள்ள ஒரு கீதமாவது வந்துடும்.