ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவள்

அம்பத்தூர், ஆவடி ஆலைகளில் பழகிய கை, விடுமுறை நாளில் திருநின்றவூர் வீட்டு வாசலில் பழைய மெட்டடார் வேனைப் பிரித்துப் பூட்டினால் ஊரே மெச்சுகிறது. மண்ணெண்ணெயில் பேரிங் கழுவியவள், கிரீஸ் சட்டை துவைத்தவள், உதிரிபாகத்துக்கு வளையலை அடகு வைத்தவள் மட்டும் மெக்கானிக் ஆவதில்லை.

‘எஞ்சின் ஆபத்து, தள்ளி நில்’ என்கிறார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவும் அதையே சொன்னது: ஓடும் எஞ்சினைத் துடைக்க, எண்ணெயிட, சரிசெய்யப் பெண்களையும் இளையோரையும் விடக்கூடாது. ஆபத்து ஆணின் விரலுக்கு இல்லையா? வேண்டியது பயிற்சி, தடையல்ல. கேஸ் அடுப்பருகே நாள்முழுக்க நம்மை நிறுத்தும்போது இந்த அக்கறை எங்கே போனது?

தோழிகளே, திருமகள் வந்து நின்ற ஊர் என்பதே இவ்வூர்ப் பெயருக்குச் சொல்லும் கதை. நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது போதும். போல்ட்டை நாமே கழற்றுவோம்.