95 சதவீதம் சரி, ஆனால் வீடு எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்து விட்டால், நம்மில் பலர் முதலில் செய்வது கூகுள் எர்த்தில் சொந்த வீட்டைத் தேடுவதுதான். நானும் சீர்காழியில் சட்டைநாதர் கோயிலைப் பிடித்து, தெருத்தெருவாக நகர்ந்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியைக் கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோஷமே தனி!

அது வெறும் படம். அப்படிப்பட்ட படத்தைக் கம்ப்யூட்டரே ஆராய்ந்து, எங்கே எவ்வளவு கட்டடம் இருக்கிறது என்று காட்டும் வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நம்பலாமா? கூடாது என்பது என் கருத்து.

ஐரோப்பிய யூனியனின் ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ஒரு வரைபடம், சென்டினல்-2 சாட்டிலைட்டின் படங்களைக் கொண்டு 2018ஆம் ஆண்டு நிலவரத்தைக் காட்டுகிறது. அதில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். தென்னை மரங்களுக்குக் கீழே இருக்கும் கீற்று வீடு இதில் எப்படித் தெரியும்? கூகுளின் 'ஓப்பன் பில்டிங்ஸ்' இதைவிட நுணுக்கமானது. 2021இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் கோடு போட்டு, தனக்கு எவ்வளவு நிச்சயம் என்று மார்க்கும் போட்டுக் கொள்கிறது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நம் பழைய தெரு வீடுகளை ஒரே கட்டடமாகச் சேர்த்து விடக்கூடும்.

'95 சதவீதம் துல்லியம்' என்று யாராவது சொன்னால் அசந்து விடாதீர்கள். நம் பக்கம் 100 கட்டங்களை எடுத்தால் 95 வயலாக இருக்கலாம். எல்லாமே வயல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரைபடமும் 95 மார்க் வாங்கி விடும். ஒரு வீட்டைக்கூடக் காட்டியிருக்காது! எனவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருக்கிற வீடுகளில் எத்தனையை விட்டது? வீடு என்று காட்டியதில் எத்தனை வெறும் சிமென்ட் களம்?

இது பொழுதுபோக்கு விஷயமல்ல. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்போது சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அட்டையை எண்ணாமல் கூரையை எண்ணிக் கொடுத்திருந்தால், முதலில் விடுபடுவது கீற்று வீட்டுக்காரர்தான். தண்ணீர் முதலில் புகுவதும் அங்கேதான்.

உங்கள் ஊரை நீங்களே சோதிக்கலாம். இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். தெரிந்த தெருவாகப் பொறுக்கினால் விடை நல்லதாகவே வரும். வயல்தான் அதிகம் என்பதால், வரைபடம் கட்டடம் என்று சொன்ன இடங்களிலிருந்து கொஞ்சம், இல்லை என்ற இடங்களிலிருந்து கொஞ்சம் என்று எடுப்பது நல்லது. கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களையும் பார்க்கலாம் என்பதால், வரைபடத்தின் ஆண்டுக்குரிய படத்தையே திறங்கள். 2018 வரைபடத்தை, போன வருடம் கட்டிய வீட்டை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை. நீங்கள் பார்த்ததை எழுதி வைத்த பிறகே வரைபடத்தின் விடையைப் பாருங்கள். முன்பே பார்த்து விட்டால் மனம் அதற்குத் தலையாட்டி விடும் (எனக்கு அப்படித்தான் ஆனது).

சந்தேகமான இடங்களுக்குச் சைக்கிளில் போய் விடுங்கள். பிரிண்ட் எடுத்த தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் மழையை நம்ப முடியாது.