அருவி பார்க்காதவள்

நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லிமலை, சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. "பிள்ளைகளோட ஜாலியா போய்ட்டு வந்தோம்" என்பார்கள். யாருக்கு ஜாலி? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறி, பால்பாட்டிலைக் கொதிக்கவைத்து, மாற்றுத்துணி எடுத்துவைத்தவளுக்கா?

70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நான், பிள்ளை வாந்தியெடுக்கக் கேரிபேக்கைப் பிடித்திருந்தேன். ஓட்டியவருக்குத்தான் களைப்பு என்று மலைமேல் முதல் டீ அவருக்கு.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். "பாப்பா தூங்குது, நீ இங்கயே இரு, ஓடிப் போய்ட்டு வந்தர்றோம்." சின்னவள் பிறந்தபின் மூன்று முறை போனோம். மூன்று முறையும் அருவியை அவர் செல்போனில்தான் பார்த்தேன். மேலே என்னைப்போலப் பிள்ளையையும் பைகளையும் காவல்காத்தவர்களை ஒருமுறை எண்ணினேன்: 11 பெண்கள், ஓர் ஆண். அவருக்குக் காலில் கட்டு.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறாள். வீட்டுவேலை செய்கிற ஆண், 97. பிள்ளை பார்ப்பது தனிக்கணக்கு. சுற்றுலா போனால் இது குறையும் என்று நம்புகிறவர்கள் சாப்பாட்டுக்கூடையைத் தூக்கியதில்லை.

"பெத்தவளுக்குப் புள்ளைகூட இருக்கறதவிட என்ன சந்தோசம்?" என்றார் மாமியார். அவரும் அருவி பார்த்ததில்லை.

பிள்ளை பாரம் என்று நான் சொல்லவில்லை. முறை போடுங்கள் என்கிறேன். நாலாவது முறை, தூங்கிய பிள்ளையை அவர் மடியில் கிடத்திவிட்டு இறங்கினேன். நூறு படிகூட ஆகவில்லை, செல் அடித்தது. "பாப்பா ஜட்டி எந்தப் பையில இருக்குது?"

நீலப் பை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.