விடுதலைக்குப் பிறகும் தொடரும் பெயர்



பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடலாம் என்பதைப் 'பாடு' முறை வகுத்துத் தருகிறது. கோட்டைக்குப்பம் மக்கள் அறிந்த சட்டம் அது. அதில் தகராறு வந்தால் ஊரிலேயே பேசித் தீர்க்கிறோம். சில நேரம் காவல் நிலையம் வரை போகிறது. அங்கே பதிவாகும் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது (பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு). குற்றம் சாட்டப்பட்டவர் புகாரை அறிந்து தற்காத்துக்கொள்ளவே இந்த ஏற்பாடு. நல்லதுதான். தீர்ப்புகளும் இவ்வாறே இணையத்துக்கு வருகின்றன. விடுதலையானவரின் பெயர் அதில் நிலைத்துவிட்டால்?

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவர் இதைத்தான் கேட்டார். பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 2014-இல் மேல்முறையீட்டில் விடுதலையானவர் அவர். அந்தத் தீர்ப்பு இணையத்தில் கிடப்பதால் ஆஸ்திரேலியக் குடியுரிமை தமக்குக் கிடைக்கவில்லை என்று முறையிட்டார். தனி நீதிபதி 2021-இல் மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்கவும், 'இந்தியன் கானூன்' தளம் தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நீதிமன்றப் பணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஐரோப்பாவிலும் முழு விடை இல்லை. ஒருவரைப் பற்றிய பழைய விவரங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கலாம் என்று 2014-இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், உலகெங்கும் நீக்கும் கடமை கூகுளுக்கு இல்லை என்று 2019-இல் சொல்லிவிட்டது. பாரிசில் மறைந்த பெயர் பழவேற்காட்டில் தெரியலாம்.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவை நினைத்துப் பார்ப்போம். அவர்மீது பழி சுமத்தப்பட்டதைக் கேட்ட அதே சபைதான் அவர் குற்றமற்றவர் என்பதையும் கேட்டது. இணையத்தில் அப்படி இல்லை. பெயரைத் தட்டித் தேடுபவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். கடைசிப் பக்கம்வரை யார் படிக்கிறார்கள்?

தீர்ப்பையே நீக்குவதை நாம் ஆதரிக்கவில்லை. நீதிமன்றத்தில் நடப்பது வெளியே தெரிவது ஏழைகளுக்குப் பாதுகாப்பு. ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரைச் சட்டம் ஏற்கெனவே மறைக்கிறது. அதனால் தீர்ப்புகள் காணாமல் போய்விடவில்லை. விடுதலையானவரின் பெயரையும் அவ்வாறே மறைக்கலாம் அல்லவா?

அதுவரை, நம் பங்கில் வழக்கிலிருந்து விடுதலையானவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்குமுன் வழக்கறிஞரிடம் அதைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.