நடவுக்கு வந்தவர்களுக்கும் ஒரு சங்கம்

திருத்துறைப்பூண்டியில் விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவ் நினைவிடத்துக்கு ஒவ்வொரு செப்டம்பர் 30ஆம் தேதியும் போகிறேன். கொடி ஏற்றுகிறோம், மாலை போடுகிறோம், பேசுகிறோம். 1961இல் அவர் மறைந்த நாள் அது. மாலையோடு நம் கடமை தீர்ந்துவிடுவதாக நாம் நடந்துகொள்வதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எங்கள் அப்பாயிக்குக் காலக்கணக்கே 'சங்கம் வர்றதுக்கு முந்தி, வந்த பெறகு' என்பதுதான். தாத்தா பண்ணையாள். பண்ணை வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி. அதற்கும் மேல் ஆத்திரம் வந்தால் மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். சாணிப்பால் என்று அதற்குப் பெயர். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் மாற்ற 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பிய ஆள்தான் சீனிவாசராவ். தென்கன்னடத்துக்காரர். பிராமணக் குடும்பம், தாய்மொழி கன்னடம். தமிழைக் கற்றுக்கொண்டு பேசினார். இரவில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடந்து சேரிக்குப் போய், அங்கேயே தின்று அங்கேயே படுத்தார். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் எழுந்தது. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டது: சவுக்கடியும் சாணிப்பாலும் இனி இல்லை. தாழ்த்தப்பட்டவர்களும் சாதி இந்துக் குத்தகைதாரர்களும் ஒரே கொடியின் கீழ் நிற்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். என் கண்ணுக்கு அவர் செய்ததிலேயே கடினமான வேலை இதுதான்.

கட்சி தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் தலைமறைவாக அலைந்தார். 1952இல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமில்லாமல் விரட்டக் கூடாது என்றும் அதில் வந்தது. அந்தச் சட்டம் ஆட்சியாளர்களின் கருணையில் மட்டும் பிறந்ததில்லை. அதற்குப் பின்னும் 1968இல் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற குற்றத்துக்குக் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

இன்று எங்கள் வயலில் அறுவடைக்கு மெஷின். நடவுக்குப் பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மோட்டார் கொட்டகையிலும் களத்து மேட்டுத் தகரக் கொட்டகையிலும் தங்குகிறார்கள். கூலி பேசுவது ஏஜென்ட். எவ்வளவு பிடித்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது அவர்கள் பேசும் மொழி தெரியாத நமக்குத் தெரிவதில்லை. இரவில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவார்கள்? ஊரில் கேட்டால் ஆளுக்கு ஆள் முகம் பார்க்கிறார்கள்.

'எங்க பொம்பளைங்களோட நடவு வேலையை இவங்க பறிச்சுட்டாங்க' என்று தெருவில் சொல்கிறார்கள். அந்த வலி பொய்யில்லை. நாற்றுமுடியோடு வாழ்ந்த பெண்கள் வேலையில்லாமல் நூறு நாள் வேலைக்குக் காத்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் வந்தவனைக் குறைந்த கூலிக்கு வாங்க முடிகிறது என்பதால்தானே நம் ஆளுக்கு வேலை போகிறது? இருவருக்கும் ஒரே கூலி என்று பேசி வாங்கினால் அந்த வலிக்கும் மருந்து கிடைக்கும். அதற்கு முதலில் இருவரும் ஒன்றாய் உட்கார வேண்டும். வேற்று மொழிக்காரர் ஒருவர் நம் தெருவுக்கு வந்து உட்கார்ந்ததால் நிமிர்ந்தவர்கள் நாம். வேற்று மொழிக்காரரின் கொட்டகைக்குப் போய் உட்கார நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கும்போது, விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வங்காளம் தெரிந்த ஒருவரையாவது கூட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைகளுக்குப் போகட்டும். பெயர், சொந்த ஊர், ஏக்கருக்குப் பேசிய கூலி, ஏஜென்ட் பிடித்த பணம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தாசில்தாரைப் பார்க்கப் போகும்போது நம் நடவுப் பெண்களும் கூடவே போகட்டும்.